கைகாட்டி நின்ற இடம்

என்னைத் தோளில் தூக்கித் திரிந்த என் அண்ணே,

எமர்ஜென்சி வந்து, நம்ம ஊர் பாசஞ்சர்கூட நேரத்துக்கு வந்த வருஷத்தில்தான் நீ போய்ச் சேர்ந்தாய். எனக்கு எழுத வராது. சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

கேங்மேனாக நீ நடந்து பார்த்த தண்டவாளம் இப்போது அங்கே இல்லை. அப்போது அதற்குத் தெற்கே நம்ம வீடுகள், நெல்வயல். வடக்கே முந்திரித் தோப்பு, அதை ஒட்டி இடுகாடு. நடுவில் ஒரு தகரக் கொட்டகை, அதற்கு ஸ்டேஷன் என்று பேர். நிலக்கரி எடுக்கிற பள்ளம் வடக்கேயிருந்து விரிந்துகொண்டே வந்தது. தோப்பு போனது. போன வருஷம் லைனையே தெற்கே தள்ளிப் போட்டார்கள். நம்ம வீடு இருந்த இடத்தில் இப்போது ரயில் ஓடுகிறது அண்ணே. நாங்கள் இப்போது வடக்குத்து என்கிற ஊரில் குடியிருக்கிறோம்.

அந்த லைன் போட்ட கேங்கில் உன் மச்சினனும் இருந்தான். வீட்டை இடித்த மண்மேல் ஜல்லி கொட்டினான். அன்றோடு அவனிடம் பேச்சை விட்டேன். வேலைக்கு வந்தவன் என்ன செய்வான் என்று நீ கேட்டிருப்பாயோ?

இப்போது இடுகாடும் பள்ளத்துக்குப் போகிறது. புதைத்த இடத்தை அடையாளம் காட்டினால் எலும்பை எடுத்து வேறிடத்தில் வைத்துக்கொள்ளலாமாம். வெள்ளிக்கிழமைவரைதான்.

நம்மில் கல் நடுகிற வழக்கம் இல்லையே. ரயிலுக்கு சிக்னல் காட்டுகிற கைகாட்டி மரத்துக்கு நேரே உன்னை வைத்தோம். ரயில்வே மரம், அது எங்கே போய்விடும் என்றிருந்தேன். நேற்றுப் போய்ப் பார்த்தால் லைனோடு கைகாட்டியும் போய், ஒரே செம்மண் வெளி. காவலுக்கு நின்ற ஆள், "சும்மா ஒரு எடத்தக் காட்டுங்க பெரியவரே, யாரு கேக்கப் போறாங்க" என்றார். இரக்கப்பட்டுத்தான் சொன்னார். என் கை எழவில்லை.

அண்ணியிடம் வந்து சொன்னேன்.

"எவன் எலும்பையோ தோண்டிக்கினு வந்து உங்க அண்ணன்னு எங்கிட்ட காட்டிடாதீங்க" என்றாள். "கைகாட்டியப் புடுங்கினவன் எந்தம்பி. அது நின்ன எடம் அவனுக்குத் தெரியும். போயி கேளுங்க."

அவன் கதவைச் சாத்திவிட்டால்?

சாத்தினாலும் நாளைக் காலை அவன் வாசலில் நிற்பேன். முதல் பேச்சு நானே பேசுவேன். இது சத்தியம் அண்ணே. உன்னைத் தூக்கிப் போன நாலு பேரில் என்னைத் தவிர இன்று உயிரோடு இருப்பவன் உன் மச்சினன் வீராசாமி ஒருவன்தான்.

உன் கூடப்பிறந்தவன்,
கோவிந்தசாமி