வாசலில் வைத்த மீன்

சாவகத்துப் பத்தாவிக்குக் கப்பலேறிப் போன என் வீட்டுக்காரருக்கு,

நான் சொல்லச் சொல்ல ஒல்லாந்தர் கோட்டைக் கணக்கர் எழுதுகிறார். அடுத்தவர் கையால் எழுதும்போது நம் பூனையைப் பற்றித்தான் சொல்ல முடிகிறது.

கப்பல்கள் எத்தனையோ வந்துவிட்டன. உங்களைப் பற்றி ஒரு சொல்லும் வரவில்லை. போன மழைக்காலத்திலிருந்து உங்கள் கூட்டாளி பூபதி நம் வாசலில் மீன் வைத்துவிட்டுப் போகிறார். அதை எடுத்துக் குழம்பு வைத்தால் கல்யாணத்துக்குச் சம்மதம் என்று நம் ஊர் தோணிரேவில் அர்த்தம். நீங்களும் அப்படித்தான் வைத்தீர்கள். நான் தொடவில்லை. பூனை தின்றது.

முதலில் அவரைக் கண்டாலே காதை மடக்கிச் சீறும். அப்புறம் முதுகைக் காட்டி உட்கார்ந்தது. பிறகு ஒருநாள், உங்களைப் பார்க்குமே, அதேபோல் கண்ணை மெல்ல மூடித் திறந்தது. நேற்று அவர் தோணி கரைக்கு வருமுன்பே வாலைச் செங்குத்தாகத் தூக்கிக்கொண்டு ஓடி, இறங்கியவர் காலில் உரசியது.

“இதுக்காவது என்னைப் புடிச்சிருக்குதே” என்றார். காத்திருந்து எனக்கு அலுப்பாக இருந்தது.

பூனையைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். வெகுகாலம் அது உங்கள் பாயில்தான் படுத்துக் கிடந்தது.

இன்று அவர் வைத்த மடவை மீனைக் குழம்பு வைத்தேன். பூனைக்கு முள் மட்டும்தான்.

கையெழுத்துக்குப் பதிலாகக் கீழே இருக்கும் கீறல் என்னுடையது.