நீ அனுப்பாத மேகங்கள்

இன்றைக்கு மயிலம் தாண்டியதும் மழை விட்டுவிட்டது. திண்டிவனத்தில் ரயில் ஏறும்போது ஒரே கறுப்பாக இருந்த மேற்கு, பேரணி ஸ்டேஷன் வருவதற்குள் கிழிந்து, உள்ளேயிருந்து சிவப்பு வழிந்தது. வலப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். எதிரே இருந்த ஒரு அம்மா, ஈரக் காற்று அடிக்கிறதென்று ஜன்னலை இறக்கப் போனார். "வேணாங்க, இருக்கட்டும்" என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அடிப்பாவி, நீ இருந்திருந்தால் அந்நேரம் வண்டி வாசல் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு என் உயிரை வாங்கியிருப்பாய்.

திண்டிவனத்தில் ஒரே பள்ளிக்கூடம் நமக்கு. நீ ஐந்தாம் வகுப்பு டீச்சர், நான் மூன்றாம் வகுப்பு டீச்சர். காலையில் விழுப்புரத்திலிருந்து போய், சாயந்திரம் பாசஞ்சரில் திரும்புவோம். மற்ற டீச்சர்கள் கீரை ஆய்வார்கள், தூங்குவார்கள். நீ மட்டும் போனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போவாய். "வானத்துல என்னா டீச்சர், வூட்டுக்காரரு தெரியுறாரா?" என்று கிண்டல் செய்வார்கள். காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டாய். சூரியன் விழுந்ததும் ஊரே போனை உள்ளே வைத்துவிடும். நீ அப்போதுதான் ஆரம்பிப்பாய். "இனிமேதான்டி கலரே வரும், பொறு" என்பாய். கொஞ்ச நேரத்தில் நிஜமாகவே வரும், வேர்க்கடலைத் தோலின் இளஞ்சிவப்பு. "பாருடி, மல்லாட்டைத் தோலு கலரு!"

எனக்கும் அந்தப் பைத்தியம் ஒட்டிக்கொண்டது. "ஸ்க்ரீன்ல வெளிச்சமா இருக்குற எடத்துல தொடு. அப்பிடியே கீழ இழு. நெலம் கருப்பாயிடணும், அப்பதான் மேகம் எழும்பி வரும்." நீ சொன்னபடியே செய்வேன். ஆனாலும் என் படத்தில் எங்கிருந்தாவது ஒரு மின்கம்பி வந்து உட்கார்ந்துகொள்ளும். நீ விக்கிரவாண்டியில் வண்டி நிற்கிற ஒரு நிமிஷத்துக்குள் குதித்து, கம்பி விழாத இடம் தேடி நடைமேடையில் ஓடுவாய். வண்டி ஊதும். நான் வாசலில் நின்று கத்துவேன்.

உன் படங்களை எத்தனையோ முறை கேட்டேன். "வாட்ஸ்அப்புல அனுப்புனா கலரு செத்துப்போயிடும்டி. லீவு வரட்டும், பென்டிரைவுல ஏத்தித் தர்றேன்." பெரிய கலரு! கலரைக் காப்பாற்றி என்ன கண்டாய்?

கலர் மட்டும் காரணமில்லை, எனக்குத் தெரியும். உன் போனிலிருந்து யாருக்கு எது போனாலும் வீட்டில் விசாரணை. பிள்ளை இல்லாத வீட்டில் உன் வீட்டுக்காரருக்குத் தினமும் அது ஒன்றுதான் வேலை. ஒருநாள் விழுப்புரம் நடைமேடைக்கே வந்து நின்றார். என் எதிரிலேயே உன் கையிலிருந்து போனைப் பிடுங்கித் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"மேகம், மேகம், மேகம்... ஆளு எங்க?"

"ஆளு இல்லீங்க. மேகந்தான்."

"தெனைக்கும் மேகத்தப் புடிச்சிக்கினு இருக்கறதுக்கு நீ என்னா லூசா? யாருக்குக் காட்டுறதுக்கு எடுக்குற?"

தனக்காக ஒருத்தி வானத்தைப் பார்ப்பாள் என்பது அந்த மனுஷனுக்குப் புரியவேயில்லை. நீ தலையைக் குனிந்துகொண்டு நின்றாய். மறுநாள் அதே வண்டி வாசலில் நின்று எடுத்தாய். உன் அந்தத் திமிர் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அப்புறம் வயிற்றில் கட்டி என்றார்கள். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் உன்னை வந்து பார்த்த அன்று, உன் கட்டிலிலிருந்து சுவர்தான் தெரிந்தது. உன் கையைப் பிடித்தேன், காய்ந்த சுள்ளி மாதிரி இருந்தது. "போனு அவருகிட்டதான்டி இருக்குது. என்னா ஆனாலும் அதுல இருக்கறத மட்டும் எடுத்து வச்சிக்கோ" என்றாய். வேறு எதையும் நீ என்னிடம் கேட்டதில்லை.

காரியம் முடியட்டும் என்றுதான் காத்திருந்தேன். சாவு வீட்டில் போனைக் கேட்டால் என்ன நினைப்பார்கள்? காரியம் முடிந்த மறுநாளே போய்க் கேட்டேன். "எல்லாத்தையும் அழிச்சி க்ளீன் பண்ணி எங்க அக்கா பொண்ணுக்குக் குடுத்துட்டேனே டீச்சர். அதுல ஒண்ணும் இல்லையே, வெறும் மேகந்தான்." எழுந்து வந்துவிட்டேன். தெருமுனையில் உனக்குக் கட்டிய கண்ணீர் அஞ்சலி பேனர் அப்படியே இருந்தது. ஆதார் அட்டையிலிருந்து எடுத்த உன் முகம். பின்னால் ஃபிளெக்ஸ் கடைக்காரர் போட்டிருந்த நீல வானமும் பஞ்சு மேகமும். எந்த ஊர் மேகமோ! சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றேன். அவர் மேல் வந்த ஆத்திரம் பாதி உன் மேலும் வந்தது. செத்த கலரிலாவது ஒன்றை அனுப்பித் தொலைத்திருக்கக் கூடாதா?

போன வாரம் அவர் பள்ளிக்கூட வாசலுக்கே வந்தார். முதல் வருஷப் படையலாம், சுவரில் மாட்ட ஒரு நல்ல படம் வேண்டுமாம்.

"ஆதார் போட்டோவுல அவ மாதிரியே இல்லீங்க. டெய்லி ஒண்ணாத்தானே வந்துக்கினு போயிக்கினு இருந்தீங்க, உங்ககிட்ட ஏதாச்சும் இருக்கும்ல?"

கண் கலங்கியிருந்தது. மெலிந்துபோயிருந்தார். எனக்கும் ஒரு கணம் மனசு இளகியது, பொய் சொல்ல மாட்டேன்.

இருக்கிறதடி, ஒன்று. நீ பார்க்காத படம். எக்ஸ்பிரஸுக்கு வழிவிட பேரணியில் நம் வண்டியை நிறுத்திப் போட்டுவிட்டார்களே, அன்றைக்கு எடுத்தது. மழை விட்டு வானம் முழுக்கப் பற்றி எரிந்தது. நீ படம் எடுக்கவே மறந்து, போனைத் தொங்கவிட்டுக்கொண்டு, வாயைப் பிளந்து மேலே பார்த்து நின்றாய். முகமெல்லாம் மஞ்சள். ஆடாமல், கம்பி விழாமல் நான் எடுத்த ஒரே படம் அதுதான்.

போன் என் கைப்பையில்தான் இருந்தது. பையை இறுக்கிக்கொண்டேன்.

"இல்லீங்க," என்றேன். "நாங்க மேகத்தத்தான் எடுத்தோம்."