எட்டு வரி இடைவெளி

சார்லட்வில், டொபேகோ
6 அக்டோபர் 1986

டாக்டர் இஸ்மே குவாமினா அம்மணிக்கு,

கத்பர்ட் நோயல் எழுதுகிறேன். இந்தப் பெயரில் உங்களுக்கு என்னைத் தெரிந்திருக்காது. கார்னிவல் திருவிழாக் கூடாரங்களில் கலிப்சோ கேலிப்பாட்டுப் பாடிய காலத்தில் என் பட்டப்பெயர் லார்ட் குவாரன்டைன். அந்தப் பெயரைப் போட்டுத்தான் போன ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் என் மானத்தை வாங்கியிருக்கிறீர்கள்.

எங்கள் ஊர்த் தபாலாபீஸ் அம்மாள் அதை வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் வாசித்துவிட்டு, "ஏன் குவாரன்டைன், உனக்கு அப்பவே தொடை நடுங்குமாமே?" என்று கேட்டாள். ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு வழியில்லை.

1940 கார்னிவலில் கூடாரத்துப் பாடகர்கள் யுத்தத்துக்கும் கவர்னருக்கும் பயந்து பல்லில்லாத பாட்டாகப் பாடினார்கள் என்றும், என்னுடைய ‘கவர்னரின் படகு’ அதற்கு முதல் சாட்சி என்றும் எழுதியிருக்கிறீர்கள். அம்மணி, அந்தப் பாட்டுக்கு ஆறு சரணம். ஐந்தாவதில் கவர்னர் தூங்கும்போது சமையல்காரி அவர் மீசையைக் கத்தரித்துக் குழம்பில் போட்டுவிடுவாள். கூட்டம் என்னை ஏழு தடவை திரும்பப் பாடச் சொன்னது. பயந்தவன் பாடுகிற பாட்டா அது?

இந்தக் கட்டுரை சீக்கிரம் புத்தகமாக வரப்போகிறது என்று கீழே போட்டிருந்தது. எனக்கு எழுபத்திரண்டு வயது, மீன் பிடித்துப் பிழைக்கிறேன். நெஞ்சு சரியில்லை என்று டாக்டர் சொல்கிறார் (இவர் மருந்து கொடுக்கிற டாக்டர்). புத்தகம் வருவதற்கு முன் திருத்திவிடுங்கள். கோழை என்ற பெயரோடு போய்ச்சேர எனக்கு இஷ்டமில்லை.

வருத்தத்துடன், ஆனால் விரோதமில்லாமல்,
கத்பர்ட் நோயல்


செயின்ட் அகஸ்டின், டிரினிடாட்
15 அக்டோபர் 1986

மதிப்பிற்குரிய நோயல் ஐயாவுக்கு,

நீங்கள் உயிரோடிருக்கிறீர்கள். இந்த ஒரு வரியை எழுதிவிட்டு எழுந்து இரண்டு தடவை அறையைச் சுற்றி நடந்தேன். உங்களை வெனிசுவேலாவில் தேடினேன், லண்டனில் தேடினேன். பக்கத்துத் தீவில், கப்பல் ஏறினால் ஒரு பகல் தூரத்தில், மீன் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறீர்கள்.

நான் ஏன் அப்படி எழுதினேன் என்று சொல்கிறேன். அந்த வருஷம் அரசாங்கம் ஒவ்வொரு கூடாரத்துக்கும் ஒருவரை அனுப்பி, பாடுவதைச் சுருக்கெழுத்தில் எடுக்கச் சொல்லியிருக்கிறது. மறுநாள் அவர் கையாலேயே தட்டச்சாகிப் போலீஸுக்குப் போகும். ஆட்சேபகரமாக எதுவும் இருந்தால் பாடகரின் உரிமம் பறிபோகும். உங்கள் கூடாரத்துத் தாள்கள் நாற்பத்து மூன்று இன்றும் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ‘கவர்னரின் படகு’ தாளில் இரண்டே சரணம். படகு எட்டு மணிக்குப் புறப்படுகிறது, நாலு மணிக்குத் திரும்புகிறது, அவ்வளவுதான். மீசையும் இல்லை, குழம்பும் இல்லை.

என் இருபது வருஷ வேலை அந்தத் தாள்கள் மேல்தான் நிற்கிறது. நம் பாட்டு அந்த வருஷம் வாயை மூடிக்கொண்டது, அதனால்தான் பத்து வருஷம் கழித்து நம் நாவல் வாயைத் திறந்தது என்பதுதான் நான் சொல்லிவருவது. வெளிநாட்டு மாணவர்கள்கூட இதை மேற்கோள் காட்டுகிறார்கள். இப்போது நீங்கள் ஆறு சரணம் என்கிறீர்கள். மீதி நாலையும் எழுதி அனுப்புவீர்களா? யார் கேட்டார்கள், யார் சிரித்தார்கள், எந்த இடத்தில் சிரித்தார்கள், எல்லாம் எனக்கு வேண்டும்.

ஒரு வேடிக்கை. சின்ன வயதில் உங்கள் குரல் ரேடியோவில் வந்தால் என் அம்மா எழுந்துபோய் அணைத்துவிடுவாள். கேட்டால் தலைவலி என்பாள். அணைத்த பாட்டின் மீதி என்னவென்று தெரிந்துகொள்ளத்தான் ஆராய்ச்சிக்கே வந்தேன் என்று வகுப்பில் சொல்வதுண்டு. அதில் பாதி உண்மை.

ஆவலுடன்,
இஸ்மே குவாமினா


சார்லட்வில்
2 நவம்பர் 1986

டாக்டர் அம்மணிக்கு,

நாலு சரணமும் தனித்தாளில் இருக்கின்றன. கடைசிச் சரணத்தில் ஒரு வரி ஞாபகமில்லை, நீங்களே இட்டுக்கட்டிக்கொள்ளுங்கள், படித்தவர்தானே. உங்கள் அம்மாவுக்கு என் குரலில் தலைவலி வந்ததில் ஆச்சரியமில்லை. என் மனைவிக்கும் வந்தது.

சுருக்கெழுத்துக் கதையைப் படித்தபின் மூன்று நாள் கடலுக்குப் போகவில்லை. எங்கள் கூடாரத்தில் யாரோ உளவு சொல்கிறார்கள் என்ற பேச்சு அப்போதே உண்டு. வாசலில் மௌபி பானம் விற்ற மெர்வில் மேல் சந்தேகம் விழுந்தது. கணக்கு எழுத ஒரு பென்சிலைக் காதில் சொருகியிருப்பான், அதைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது. கார்னிவல் முடிந்த வாரம் நாலு பேர் அவனை அடித்தார்கள். ஒரு கண் போயிற்று. நான் அடிக்கவில்லை. தடுக்கவுமில்லை. என்னைக் கோழை என்று எழுத வேண்டுமானால் அதற்காக எழுதுங்கள், படகுப் பாட்டுக்காக வேண்டாம்.

எழுதியது மெர்வில் இல்லை. யார் என்று எனக்குத் தெரியும், ஆனால் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறேன். அந்தத் தாள்களை இன்னொரு தடவை நிதானமாகப் பாருங்கள். இருப்பதை மட்டும் பார்க்காதீர்கள்.

கத்பர்ட் நோயல்


செயின்ட் அகஸ்டின்
20 நவம்பர் 1986

அன்புள்ள கத்பர்ட் ஐயா,

காப்பகத்திலிருந்து நேரே வந்து எழுதுகிறேன்.

உங்கள் பாட்டின் தாளில் முதல் சரணம் இருக்கிறது. அதன்கீழ் வெற்றிடம். பிறகு இன்னொரு சரணம், மறுபடி நீளமாக வெற்றிடம். இதை இருபது வருஷமாகப் பார்க்கிறேன், மட்டமான தட்டச்சு என்று நினைத்துக் கடந்துவிடுவேன். இன்று அளவுகோலை வைத்து அளந்தேன். முதல் இடைவெளி சரியாக எட்டு வரி. இரண்டாவது இருபத்து நாலு வரி. ஒரு சரணத்துக்கு எட்டு வரி. நீங்கள் அனுப்பிய நாலு சரணமும் அங்கே சொல்லிவைத்ததுபோல உட்காருகின்றன. நாற்பத்து மூன்று தாளிலும் தேடினேன். அறுபத்தொரு சரணத்துக்கு இடம் விடப்பட்டிருக்கிறது. நீங்கள் யாரும் பயப்படவில்லை. எழுதியவர் போலீஸிடமிருந்து மறைத்திருக்கிறார்.

இதுவரைக்கும் ஆராய்ச்சி. இதற்கு மேல் என்ன பெயர் வைப்பதென்று தெரியவில்லை.

என் ஆய்வேட்டை 1966இல் அம்மாதான் தட்டச்சு செய்தாள். முப்பது வருஷம் அரசாங்க அலுவலகத்தில் அதே வேலை பார்த்தவள். தனக்கு ஒப்பாத பத்தி வந்தால் அடிக்கமாட்டாள். எத்தனை வரியோ அத்தனை வரிக்குத் தாளை உருட்டி இடம் விட்டுவிடுவாள். "படிச்சேன். எனக்குச் சரியாப் படல. எடம் விட்டிருக்கேன், வேணும்னா நீயே எழுதிக்கோ" என்பாள். 1940ஐப் பற்றிய அதிகாரத்தில் அப்படி ஒன்பது இடங்கள் இருந்தன. நான் கத்திவிட்டு, கையால் எழுதி நிரப்பிச் சமர்ப்பித்தேன்.

அம்மாவின் பெயர் எர்னெஸ்டீன். 1941இல்தான் குவாமினா ஆனாள். அதற்கு முன் பாஸ்கால். ஐயா, கூடாரத்தில் எழுதியது ஒரு பெண்ணா? சத்தியத்தை மீற வேண்டாம். நான் சொல்வது தவறு என்றால் மட்டும் பதில் போடுங்கள்.

இஸ்மே


சார்லட்வில்
1 டிசம்பர் 1986

இஸ்மே,

மிஸ் பாஸ்காலின் மகளை ‘நீங்கள்’ என்று எழுத என் கை மறுக்கிறது. பொறுத்துக்கொள்.

தவறு என்றால் மட்டும் பதில் போடு என்றாய். நீ சொன்னது தவறில்லை. ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை, நாற்பத்தாறு வருஷமாக இதைப் பேச எனக்கு ஓர் ஆள் இல்லை.

மூன்றாவது வரிசை, நீலத் தொப்பி. மற்றவர்கள் சரணம் முடிந்தபின் சிரிப்பார்கள். அவள் ஒரு வரி முன்னாலேயே சிரித்துவிடுவாள், பாட்டை எங்கே கொண்டுபோகிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். பாடகனுக்கு அந்த மாதிரி ஆள் ஒருத்தி போதும். பிறகெல்லாம் அவளைப் பார்த்துத்தான் பாடினேன். மெர்வில் அடிபட்டு இரண்டு வாரம் கழித்துத் தபால் நிலையத்தின் பக்கத்தில் அவளைப் பார்த்தேன். கைப்பையில் சுருக்கெழுத்து நோட்டு எட்டிப் பார்த்தது.

"நீதானா?" என்றேன்.

"ஆமா. ஆனா உங்க பாட்டு எனக்குப் பாதிதான் காதுல விழும். எனக்குக் காது மந்தம்" என்றாள்.

அவ்வளவு நல்ல காது அந்த ஊரில் வேறு யாருக்கும் கிடையாது. அந்த வருஷம் ஏன் எங்களில் ஒருத்தன் உரிமம்கூடப் போகவில்லை என்று அப்போதுதான் விளங்கியது. வெளியே சொன்னால் அவளுக்கு ஜெயில். சொல்லாவிட்டால் பழி மெர்வில் மேலேயே நிற்கும். அவள் கேட்டுக்கொண்டாள், நான் சத்தியம் செய்தேன். மெர்வில் மறு வருஷம் வெனிசுவேலாவுக்குப் போய் அங்கேயே இறந்தான்.

இப்போது உனக்கும் தெரியும். என் பெயரைத் திருத்துவாய் என்று இன்னும் நம்புகிறேன். அவளிடம் கேட்டுவிட்டுச் செய்.

கத்பர்ட்


செயின்ட் அகஸ்டின்
14 ஜனவரி 1987

அன்புள்ள கத்பர்ட் ஐயா,

கேட்டேன். கிறிஸ்துமஸ் முடிந்த சனிக்கிழமை, பெல்மாண்ட் வீட்டில், அம்மா பச்சைத் துவரை உரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, மிஸ் பாஸ்கால்னு ஒருத்தங்களத் தெரியுமா?"

கை நிற்கவில்லை. "யாரு சொன்னா? அந்த டொபேகோக்காரன் இன்னும் இருக்கானா?"

"நாலு சரணத்த ஏம்மா விட்ட?"

"சிரிச்சுட்டேன். நான் சிரிச்சதுக்கு அவனப் பிடிச்சுக் குடுக்கறதா? மொதல்ல ஒண்ணு விட்டேன். அப்புறம் பழகிப்போச்சு."

"அப்ப எடம் எதுக்கு விட்ட?"

"அவன் பாடினது பாடினதுதான். பாடவே இல்லேன்னு டைப் அடிச்சா அது பொய்யாயிடும்."

எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா. உடனே புத்தகத்தில் போட வேண்டும் என்று குதித்தேன். அப்போதுதான் மெர்வில் பெயரைச் சொன்னேன். துவரைக் கிண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டாள்.

"அவன் பொண்டாட்டி சர்ச்சுல என் பக்கத்துலதான் உக்காந்து பாடுவா. முப்பது வருஷம். புருஷனப் பத்தி ஊர் பேசினத என்கிட்டதான் சொல்லி அழுவா. நான் முதுகத் தடவிக் குடுப்பேன். அவ செத்த அன்னைக்கும் நான் வாயத் தெறக்கல. இப்ப அவ பொண்ணு அந்த எடத்துல உக்காருது. அது மூஞ்சியப் பாத்துட்டு நான் எப்படி இருப்பேன்?"

"கத்பர்ட் ஐயாவுக்கு எழுபத்திரண்டும்மா."

"எனக்கு எழுபத்தி நாலு. நான் போனப்புறம் போடு. போடறப்ப மெர்வில் பேர மொதல்ல போடு. அவன் இல்ல, நான்னு போடு."

எனக்குக் கோபம் வந்தது. வாய்விட்டுச் சொன்னேன், பாட்டுகளைக் காப்பாற்றிவிட்டு ஆளைக் கைவிட்டுவிட்டாய் என்று. அவள் மறுக்கவில்லை. "ஆமா" என்றாள். அதற்குமேல் சண்டை போட என்ன இருக்கிறது?

பதிப்பகத்திடமிருந்து கையெழுத்துப் பிரதியைத் திரும்ப வாங்கிவிட்டேன். அந்த ஓர் அதிகாரத்தை மட்டும் எடுத்துவிட முடியாது, மொத்தப் புத்தகமும் அதன்மேல்தான் ஏறி நிற்கிறது. மே மாதம் பேராசிரியர் பதவிக்குத் தேர்வு, புத்தகம் இல்லாமல் நான் போட்டியிலேயே இல்லை. துறைத்தலைவர் கூப்பிட்டு, "இருபது வருஷமா நீயே சொன்னதுதானே இஸ்மே, அப்படியே விட்டா யாருக்குத் தெரியப்போகுது?" என்றார். மூன்று பேருக்குத் தெரியும் என்றேன். யார் என்று அவர் கேட்கவில்லை.

சனிக்கிழமைதோறும் அம்மாவிடம் போகிறேன். வாரத்துக்கு ஒரு சரணம் சொல்கிறாள், அதற்குமேல் கேட்டால் காது மந்தம் என்கிறாள். பாடும்போது கால் தாளம் போடுகிறது. நீங்கள் அனுப்பிய நாலையும் சேர்த்து அறுபத்தொன்றில் ஆறு நிரம்பிவிட்டன. நம் பாட்டு ஒருநாளும் வாயை மூடவில்லை என்று இனி புதிதாக எழுத வேண்டும். இவ்வளவு ஆசையாக ஒரு புத்தகத்தை நான் எழுதியதில்லை. அது இப்போதைக்கு வெளிவரவே கூடாது என்று தினமும் பிரார்த்திக்கிறேன்.

ஆனால் உங்கள் பெயர்? அதைத் திருத்தச் சொல்லித்தானே முதல் கடிதம் போட்டீர்கள். உங்களிடம் பொறுங்கள் என்று கேட்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் பத்திரிகைக்கு நானே எழுதுகிறேன். அம்மாவின் கோபத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். முடிவு உங்களுடையது.

இஸ்மே


சார்லட்வில்
3 பிப்ரவரி 1987

இஸ்மே பெண்ணே,

உன் கடிதத்தைத் தபாலாபீஸிலேயே நின்று படித்தேன். அந்த அம்மாள், "என்ன குவாரன்டைன், டாக்டர் மன்னிப்புக் கேட்டாச்சா?" என்றாள். "இல்ல. நாங்க பயந்தது நெசந்தானாம், ஆதாரம் இருக்காம்" என்றேன். மறுபடி ஊரே சிரித்தது. போகட்டும், மீன் விற்கிற இடத்தில் கொஞ்சம் சிரிப்பு இருந்தால் வியாபாரத்துக்கு நல்லது.

கடைசிச் சரணத்தில் நான் மறந்துபோன வரியை அவளிடம் கேள். அவளுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும்.

பத்திரிகைக்கு ஒன்றும் எழுதாதே. நானும் மெர்விலை அடித்தபோது பார்த்துக்கொண்டு நின்றவன்தான். எர்னெஸ்டீனுக்கு என்னைவிட இரண்டு வயது அதிகம், ஆனாலும் எனக்கு முன்னால் போகவேண்டிய அவசரம் அவளுக்கு இல்லை. இருவரில் நான்தான் முதலில் போவேன் என்று இருந்தால், கோழையாகவே போகிறேன். எனக்கு அதில் குறை ஒன்றுமில்லை.

அன்புடன்,
கத்பர்ட்