அடியில் புள்ளி இல்லாத ஜாடி

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். ஈக்காட்டுத்தாங்கல் தகரக் கொட்டகையில், பழைய வாஷிங் மெஷின் மோட்டாரை வைத்து நீ செய்த பானைச் சக்கரத்தின் முன்னால் நின்று சொன்னேன். “நைனா, கண்ணாடி போட்ட ஆள் ஒருத்தர் வந்து உன் ஜாடிய கவுத்துப் பாப்பாரு, எழுதி வெச்சுக்கோ.” நீ தலையைக்கூடத் தூக்கவில்லை. “மொதல்ல மண்ணு மூட்டைய எறக்கு” என்றாய்.

அந்த ஆள் போன வாரம் வந்துவிட்டார். அன்று காலையில் அதிலிருந்த புளியை வேறு டப்பாவுக்கு மாற்றிவிட்டு, நீ கொடுத்த ஜாடியை மூன்று தடவை கழுவினேன். ஒரு வாரம் கழித்து இதை எழுதும்போதும் என் விரலில் புளி வாசம் இருக்கிறது.

நீ போய்ச் சேர்ந்த பிறகு, உன் பெண் அடையாறில் உன் பாண்டங்களையெல்லாம் காட்சிக்கு வைக்கிறாள். எது உன் கைவேலை, எது இல்லை என்று பார்த்துச் சொல்லத்தான் அவரை அழைத்திருந்தாள். நான் கே.கே. நகரிலிருந்து லோடு ஆட்டோவில் அந்த ஒற்றை ஜாடியோடு போனேன். வழியில் மூன்று சிக்னலில் போலீஸ்காரர்கள் சல்யூட் அடித்தார்கள். சரி, ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

அவர் ஜாடியை விரல் மூட்டால் தட்டிக் கேட்டார். உள்ளங்கையில் ஏந்தி எடை பார்த்தார். கவிழ்த்தார். நீ பிழைப்புக்குக் கடைசல் பட்டறையில் லேத் ஓட்டியவன். இரும்பில் குறி வைக்கும் உளியால் ஒவ்வொரு பாண்டத்தின் அடியிலும் மூன்று புள்ளி குத்துவாய். இதில் ஒன்றுகூட இல்லை.

“மன்னிக்கணும். இது அவரோடது இல்ல. இதை ஓரமா வெச்சிடலாம்” என்றார்.

ஓரமாகவா? ஏழாம் வகுப்பைத் தாண்டாதவன்தான் நான். ஆனால் உன் மண்ணைச் சுமந்தவன். “சார், கண்ணால பாத்தது போதும், கைய உள்ள வுடுங்க. இன்னா தெரியுது?”

உள்ளே விரலால் தடவினார். அவர் முகம் மாறியது. “விரல் ஓடின வரி எதிர்ப்பக்கமா சுத்துதே!”

உன் பெண் சிரித்துவிட்டாள். “அப்பாவோட சக்கரமே அப்படித்தான் சார். மோட்டார் வயரை மாத்திக் குடுத்துட்டாங்க. கடைசி வரைக்கும் தலைகீழாத்தான் சுத்திச்சு.”

மாற்றிக் கொடுத்தது நான்தான் என்பதைப் பெருமையோடு சொன்னேன். சரிசெய்கிறேன் என்றபோது, “கை பழகிடுச்சு, வுடு” என்றவன் நீ.

உன்னுடையதுதான் என்று அவர் ஒத்துக்கொண்டார். ஆனாலும் விடவில்லை. ஜாடியின் தோளில் இருந்த குழியைக் காட்டினார். “ஈரத்துல யாரோ கை வெச்சுக் கெட்டுப்போன பீஸ். அதான் அவரே புள்ளி வைக்கல. இதைக் காட்சிக்கு வெச்சா அவருக்குத்தான் மரியாதைக் குறைச்சல்.”

“கெட்டுப்போனதா? சார், அது அவர் கட்டைவிரல்! எனக்குன்னே செஞ்ச ஜாடி. ‘ஊருக்கெல்லாம் புள்ளி, உனக்கு என் விரல்’னு சொல்லிக்கினே அமுக்கினாரு. கண்ணுல தண்ணி வேற.”

“மாமா!” என்றாள் உன் பெண், நம்பாமல். என் கட்டைவிரலைப் பிடித்துக் குழியில் வைத்துப் பார்த்தாள். பாதிதான் போயிற்று. “உங்களுது இல்ல. அப்பாவுக்குத்தான் ஒல்லி விரல்” என்றாள். அவள் கண் கலங்கியது. அவர் என் கையை ஒரு தடவை பார்த்தார், என் முகத்தை ஒரு தடவை பார்த்தார், பிறகு எழுதிக்கொண்டார். ‘நண்பனுக்காகக் கலைஞர் பதித்த விரல்’ என்று அட்டை அடித்து, நடு மேஜையில் வைத்திருக்கிறார்கள்.

எங்கிருந்தாலும் நீ இப்போது பல்லைக் கடித்துக்கொண்டிருப்பாய். கடி. அட்டை மாறாது. “சூட்டுல எல்லாமே ஒரு சுத்து சின்னதாவும், உன் வாய் ஒண்ணுதான் ஆவாது” என்பாயே, அதேதான். மண்ணோடு சேர்ந்து என் விரல் குழியும் சுருங்கி உன் அளவுக்கு வந்துவிட்டது. குழி விழுந்த அன்று நீ கத்திய கத்தலில் பக்கத்துப் பட்டறையில் மிஷினையே நிறுத்தினார்கள். வெந்து வந்த பிறகு, “சூளையில ஒரு மூலை காலியா இருந்துச்சு, அதான் வெச்சேன். கெடுத்தவனே எடுத்துக்கினு போ” என்றாய்.

அந்தச் சூளையை உன்னோடு அடுக்கியவன் நான். மூலை ஒன்றும் காலியாக இல்லை. புள்ளி குத்திய நல்ல சட்டி ஒன்றை வெளியே எடுத்துவிட்டுத்தான் இதை உள்ளே வைத்தாய். நான் பார்த்தேன்; இத்தனை வருஷமும் உன்னிடம் சொல்லவில்லை. நீ ஒரு பொய் சொன்னாய், அதனால் நானும் ஒன்று சொன்னேன், கணக்கு நேர். நீ விரல் பதிக்கவே இல்லை. காய்ந்துவிட்டது என்று நினைத்து அந்த ஜாடியைத் தூக்கியவன் நான்தான்.