குடாவில் கேட்ட மறுமொழி

இந்த மடலில் உங்களுக்கு எழுத நினைப்பவை:

1. இன்று காலை வந்த டீசல் வாசனை.
2. ஓமான் எல்லையில், திப்பாவுக்கு அப்பால் ஒரு குடாவில் நாம் கழித்த கோடை நாள்.
3. அங்கே நாம் இருவரும் கேட்ட குரல். அதற்கு என்னிடம் இன்றுவரை விளக்கம் இல்லை.
4. அந்தக் குரலை நீங்கள் நம்பினீர்கள் என்பது. நம்பியதால்தான் அன்று மாலை உங்கள் அம்மாவிடம் உங்களால் பேச முடிந்தது என்பது.

சிரிப்பீர்கள் என்று தெரியும். ஒரே அலுவலகத்தில் நான் கட்டட அறிக்கைகள் எழுத, நீங்கள் அவற்றுக்கு வரைபடம் போட்டுக் கழித்த காலம் முழுவதும் இதைச் சொல்லித்தான் என்னைச் சீண்டினீர்கள். "உங்கடை கலியாணக் கார்டுக்கும் பொருளடக்கம் போட்டிருப்பியள் அண்ணை." என்ன செய்வது, எண் போடாமல் எனக்கு எழுத வராது. எண் போட்டாலும் சரியாகத்தான் எழுதுகிறேனா என்ற சந்தேகம் விடுவதில்லை.

டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார். அதனால் வெயில் ஏறுவதற்குள் சார்ஜாவில் லாஞ்சுப் படகுகள் கட்டிக் கிடக்கும் கரையில் கொஞ்ச தூரம் போய் வருகிறேன். இன்று ஒரு லாஞ்சில் இன்ஜினைக் கிளப்பினார்கள். டீசல் புகையும் ஈரக் கயிற்றின் உப்பு வாடையும் ஒன்றாக முகத்தில் அடித்தன. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். உடம்புக்கு என்னவோ என்று பயந்து ஒரு பட்டாணியர் ஓடி வந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினார். உடம்புக்கு ஒன்றுமில்லை என்று அவருக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வாங்கிக் குடித்தேன்.

அந்த வருடம் நோன்புப் பெருநாள் கடுங்கோடையில் வந்தது. உங்கள் மனைவியும் பிள்ளைகளும் கனடா போய்விட்டிருந்தார்கள். நீங்கள் எங்கள் கட்டடத்திலேயே மேல்மாடியில் தனியாக இருந்தீர்கள். மலைக்கும் கடலுக்கும் நடுவே படகில் மட்டும் போகக்கூடிய மணற்கரைகள் இருப்பதாக யாரோ சொல்லி, என் மனைவி ஆசைப்பட்டாள். நான் பெருநாளின் இரண்டாம் நாளுக்குப் படகு பேசினேன். ஆனால் அந்த முறை பிறை தெரியவில்லை. நோன்பு ஒரு நாள் நீண்டது. நாங்கள் பேசிவைத்த இரண்டாம் நாள் முதல் நாளாகிவிட்டது. ஊரெல்லாம் தொழுகையிலும் விருந்திலும் இருக்க, கடலுக்குப் போக நாம் மூவர் மட்டும் கிளம்பினோம்.

எல்லையில் காட்டுவதற்குப் பாஸ்போர்ட் நகல்களை எல்லோருக்கும் தனித்தனி உறையில் வைத்திருந்தேன். "கடலுக்கும் ஃபைல் கொண்டு வாற ஆளை இப்பதான் பாக்கிறன்" என்று என் மனைவியிடம் சொன்னீர்கள். அவள் வழியெல்லாம் அதைச் சொல்லிச் சிரித்தாள்.

படகோட்டி பலூச்சிக்காரர். தொழுகையை முடித்து, புது உடையில் அத்தர் மணக்க வந்தார். குடாவில் நம்மை இறக்கிவிட்டு, வீட்டில் பெருநாள் சாப்பாடு இருக்கிறது, பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு வந்து கூட்டிப்போகிறேன் என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போனார். படகுச் சத்தம் மலை முனையைத் தாண்டி மறைந்ததும் அப்படி ஓர் அமைதி.

அதைப் போன்ற இடத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. இரண்டு பக்கமும் ஒரு புல் இல்லாத பழுப்பு மலை, நேராகக் கடலுக்குள் இறங்கியிருந்தது. நடுவில் நம் கட்டடத்தின் கார் நிறுத்துமிடம் அளவுக்கு வெள்ளை மணல். கரையோரம் தண்ணீர் பச்சைக் கண்ணாடி போலிருந்தது. மீன்களின் நிழல் அடித்தரையில் ஓடுவது தெரிந்தது. மிக அழகான இடம். அதோடு, உச்சி வெயில் வந்ததும் நிழல் என்று ஒன்று இல்லாத இடம். காலையில் மலை நிழல் நகர நகரப் பாயை நகர்த்திக்கொண்டே வந்து, கடைசியில் ஆழமில்லாத ஒரு குகையின் வாயில் ஒண்டினோம்.

என் மனைவி உடுப்போடு கழுத்தளவு நீரில் இறங்கி, ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் கால்சட்டையை மடித்துக்கொண்டு முழங்கால் வரை போனேன். நீங்கள் இறங்கவில்லை. கடற்கரையில் பிறந்த நீங்கள், கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டீர்கள். காரணம் எங்களுக்குத் தெரியும். அதனால் யாரும் உங்களை இறங்கச் சொல்லவில்லை.

இலங்கையில் சண்டைக் காலத்தில், உங்கள் பதினாறு வயதுத் தம்பியைத் தமிழ்நாட்டுக் கரைக்கு அனுப்ப, இருட்டில் இடுப்பளவு நீரில் நின்று நீங்கள்தான் படகில் ஏற்றினீர்கள். அந்தப் படகு எங்கும் வந்து சேரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. இறந்தவர்களுக்குச் செய்யும் அந்தியேட்டிச் சடங்கை உங்கள் அம்மா செய்ய விடவில்லை. வெள்ளிக்கிழமைகளில் நீங்கள் ஊருக்குப் பேசும்போது, சுகம் விசாரிப்பதற்கு முன்பே அம்மா கேட்கும் கேள்வி போனுக்கு வெளியே எனக்கும் கேட்கும். "அவன்ரை கதை ஏதும் வந்ததோ?"

அந்த வாரம் அந்தக் கேள்வி கழுத்தை நெரிக்கும் நிலைக்கு வந்திருந்தது. அம்மாவுக்கு இதயத்தில் அறுவைச் சிகிச்சை உடனே வேண்டும், கொழும்புக்குக் கொண்டுவாருங்கள் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அம்மா வீட்டைவிட்டு அசைய மறுத்தார். "வீட்டைப் பூட்டிப்போட்டு நான் எங்கை போறது? அவன் வந்தால் ஆர் கதவு திறக்கிறது?" தம்பி வரமாட்டான் என்று யாராவது சொல்ல வேண்டும். ஏற்றிவிட்டவன் சொன்னால்தான் அம்மா கேட்பார் என்று உங்கள் அக்கா அழுதாராம். நீங்கள் நாலைந்து முறை போனை எடுத்து, பேசாமல் வைத்துவிட்டதாக வரும் வழியில் எங்களிடம் சொன்னீர்கள்.  

சாப்பிட்டு முடித்து, ஈர உடுப்பை மாற்றப் பாறைகளுக்குப் பின்னால் போனாள் என் மனைவி. நான் குகை வாயில் கண்ணை மூடிக் கிடந்தேன். நீங்கள் எழுந்தீர்கள். அன்று முதல் தடவையாகக் கடலைப் பார்த்துத் திரும்பி, முழங்கால் நனைய நடந்தீர்கள்.

"ராசன்!"

நான் பதறி எழுந்து உட்கார்ந்தேன். நீங்கள் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. மலை அந்தப் பெயரை வாங்கி இரண்டு முறை திருப்பித் தந்தது, சிறியதாக, இன்னும் சிறியதாக. மறுபடி கூப்பிட்டீர்கள். மறுபடி பெயர் திரும்பி வந்தது. பிறகு நின்று, அவ்வளவு சத்தமில்லாமல், பக்கத்து அறையில் இருப்பவனைக் கேட்பது போலக் கேட்டீர்கள். "டேய், இருக்கிறியா?"

கரையில் தண்ணீர் நக்கும் ஓசை மட்டும். பிறகு அது வந்தது.

"ஓம் அண்ணா."

மெல்லிய குரல், மீசை அரும்பாத பையனுடையது போல. மலையிலிருந்தா நீரிலிருந்தா என்று சொல்ல முடியவில்லை. அந்த வெயிலில் என் கை மயிர் குத்திட்டு நின்றது. எதிரொலி கொடுத்ததைத்தான் திருப்பும். இந்தச் சொல்லை நாம் யாரும் கொடுக்கவில்லை.

நீங்கள் அசையாமல் நின்றீர்கள். பிறகு கரையோரமாக நடந்து பாறைகளுக்கு அப்பால் மறைந்தீர்கள். உங்கள் பின்னால் வர எனக்குத் தைரியம் இல்லை. முதலில் என் மனைவி வந்தாள். ஏதாவது குரல் கேட்டதா என்றேன். "இல்லையே, என்ன?" என்று துணியைப் பிழிந்தாள். கொஞ்சம் கழித்து நீங்கள் வந்தீர்கள். முகத்தைக் கடல்நீரில் கழுவியிருந்தீர்கள்.

"கேட்டனீங்களோ அண்ணை?"

தலையசைத்தேன்.

"கேட்டால் சரி."

மாலையில் திப்பாவில் ஒரு கஃபட்டேரியா வாசலில் தேநீரை ஆறவிட்டு அம்மாவுக்குப் போன் செய்தீர்கள். நான் காரில் இருந்தேன், கண்ணாடி இறங்கியிருந்தது. "அம்மா, நான் இண்டைக்குக் கடலிலை அவன்ரை குரல் கேட்டனான். சுகமாத்தான் இருக்கிறான். இனி வரமாட்டான். நீங்கள் வீட்டைப் பூட்டிப்போட்டு வாங்கோ."  சொல்லி முடித்த பிறகும், எனக்கு முதுகைக் காட்டியபடி போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றீர்கள்.

அம்மா கொழும்புக்கு வந்தார், பிழைத்தார். அந்தியேட்டியும் நடந்தது. சில ஆண்டுகள் இருந்துவிட்டு அமைதியாகப் போனார். பிறகு நீங்கள் கனடா போனீர்கள். போன குளிர்காலத்தில், நீங்கள் இறந்துவிட்டதாக உங்கள் மகளின் செய்தி என் போனில் வந்தது.  அங்கே அது பனி பெய்யும் மாதமாக இருந்திருக்கும்.

அந்தக் குரல் என்னை விடவில்லை. ஏசி ஓடும் முனகலில் அது கேட்கும். லிஃப்ட் வரும் குழியிலிருந்து கேட்கும். எதிரொலி பற்றி நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். வேறு படகு வந்திருக்கலாம், மேலே ஆடு மேய்ப்பவன் இருந்திருக்கலாம் என்று ஒவ்வொன்றாக யோசித்துத் தள்ளினேன். ஓமான் மலையில் 'ஓம் அண்ணா' என்று சொல்ல யார் இருக்கிறார்கள்? அதற்குப் பிறகு நான் எந்தக் கடலிலும் கால் நனைக்கவில்லை. உங்களைப் பார்க்கும்போதெல்லாம், இவர் நம்பிவிட்டார், நிம்மதியாக இருக்கிறார், எனக்குத்தான் நம்பவும் தெரியவில்லை, விடவும் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

இதுவரை எழுதித் தாளைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தபோது என் மனைவி கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள். நான் எழுதுவதையெல்லாம் பிழை பார்ப்பவள் அவள்தான். இந்த முறை பேனாவைக் கையில் எடுக்கவில்லை.

"இந்த நாலாவதை அடிச்சிடுங்க."

ஏன் என்றேன்.

"நான்தாங்க அது."

எது என்று கேட்டேன். என் புத்தி அவ்வளவு மெதுவானது.

பாறைக்குப் பின்னால் துணி மாற்றிக்கொண்டிருந்தாளாம். நீங்கள் கூப்பிட்டது அவளுக்கும் கேட்டதாம். "அந்த மனுசன் அப்படிக் கேக்கறாரு, யாரும் ஒண்ணும் சொல்லாம இருந்தா எப்படி? வாயில வந்துடுச்சு." உங்கள் பேச்சைக் கேட்டுக் கேட்டு அந்த 'ஓம்' அவள் நாக்கில் ஏறியிருந்தது. எங்கள் வீட்டில் 'ஆமாம்' தவிர வேறு கேட்டிராத நான், முப்பது ஆண்டுகள் கூட இருந்த குரலை அடையாளம் காணவில்லை.

"அவருக்குத் தெரியாமலே போய்விட்டதே" என்றேன்.

தெரியும் என்றாள். நீங்கள் கரையோரம் நடந்து நேரே அவளிடம்தான் போயிருக்கிறீர்கள். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்டாள். நீங்கள் அவளுக்கு எதிரே தண்ணீரில் உட்கார்ந்து முகத்தைக் கழுவிக்கொண்டே சொன்னதை அவள் இன்று அப்படியே சொன்னாள்.

"பரவாயில்லை தங்கச்சி. ஆராவது ஒருத்தர் மறுமொழி சொல்லத்தானே வேணும். அவருக்குச் சொல்லாதேங்கோ, எண் போட்டு ஆராயத் தொடங்கிடுவார். அவருக்கும் கேட்டதெண்டால், அம்மாவுக்குச் சொல்ல எனக்கு ஒரு சாட்சி இருக்கும்."

அவள் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். நான் மேசையிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

சார்ஜாவின் ரோலாக் கடைத்தெருவில் நாம் காய்கறி வாங்கப் போகும் மாலைகளில், உங்கள் தம்பிக்கு அப்போது இருக்கக்கூடிய வயதில் ஆண் யார் எதிரே வந்தாலும் உங்கள் நடை தளர்ந்து, கண் ஒரு நொடி அந்த முகத்தில் நிற்கும். அந்தக் குடாவுக்குப் பிறகும், அந்தியேட்டிக்குப் பிறகும், விமானம் ஏறிய வாரம் வரையிலும் நின்றது. பழக்கம் விடவில்லை என்று நினைத்தேன். உங்கள் அம்மா வீட்டைப் பூட்டிய நாளிலிருந்து, அவன் வந்தால் கதவைத் திறக்க நீங்கள் ஒருவர்தான் விழித்திருந்தீர்கள் என்பது எனக்குத் தெரியவில்லை.

எனக்கு மிச்சமாக இருப்பது அந்தக் குரல் என்று நினைத்து எழுத உட்கார்ந்தேன். அது இப்போது சமையலறையிலிருந்து என்னைக் காபிக்குக் கூப்பிடுகிறது, இனி எனக்கு அதனிடம் பயமில்லை. மிச்சம் இருப்பது தேநீர் ஆறிப்போக, போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கும் உங்கள் முதுகு. அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

நான்காவது குறிப்பை அடிக்கவில்லை, எழுதியது அப்படியே இருக்கட்டும். ஆனால் அது தவறு. அன்று அந்தக் குரலை நம்பியவன் நான்.