காளியப்பன் கேட்கும் என்ஜின்

8-11-83, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். வழி வழுக்கல், மேல்கொல்லைக்குத் தடுப்பூசி போடப் போகவில்லை. மண்ணெண்ணெய் தீர்ந்தது. இந்த ஊருக்கு நர்சாக வந்து மூன்று மாதம். பக்கத்து மாவு மில் சத்தம் மட்டும் இன்னும் பழகவில்லை. ஆயில் என்ஜின் தொடங்கினால் தலைக்குள் இடி.

சொல்லிப் பார்க்கலாம் என்று போனேன். மில் ஓட்டும் காளியப்பன் ஸ்க்ரூடிரைவர் நுனியை என்ஜின்மேல் ஊன்றி, மரப்பிடியைப் பல்லால் கடித்து, கண்மூடி நிற்கிறார். மூன்று தடவை கூப்பிட்டேன். திரும்பவில்லை. தோளைத் தொட்டதும் திரும்பி, காதைக் காட்டிக் கையை விரித்தார். காது சுத்தமாகக் கேட்காது!

9-11, புதன்

அவர் மனைவி பூங்காவனம் இருமல் மருந்துக்கு வந்தாள். "மொதலாளிக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சா வேலய வுட்டு அனுப்பிடுவாரு. சொல்லிடாதீங்க." சொல்லமாட்டேன் என்றேன்.

சாயங்காலம் மில்லுக்குப் போனபோது காளியப்பன் ஸ்க்ரூடிரைவரைத் துடைத்து நீட்டினார். "கடிச்சுப் பாருங்கம்மா." டெட்டாலில் கழுவிவிட்டுக் கடித்தேன். மண்டை முழுக்க என்ஜின். இடி இல்லை. அடியில் கனமாக ஒரு அடி, மேலே பெல்ட் இழையும் சத்தம், நடுவே சின்னதாக ஒரு கிணுகிணுப்பு. என் கால் எப்போது தாளம் போட ஆரம்பித்ததோ!

"பாட்டு மாதிரி இல்ல?" என்று கத்தினார். தலையாட்டினேன்.

11-11, வெள்ளி

வெயில். ஒடுகத்தூரிலிருந்து முதலாளி. யாரோ சொல்லியிருக்கிறார்கள். நேராக என்னிடம் வந்தார். பின்னால் பூங்காவனம்.

"நர்சம்மா, அவனுக்குக் காது கேக்குமா? பெல்ட்டுல யாராவது மாட்டிக்கினு கத்துனா இன்னா பண்றது?"

நியாயமான கேள்வி. பொய் வரவில்லை. "பேச்சு கேக்காதுங்க. என்ஜின் கேக்கும்."

பூங்காவனம் என்னைப் பார்த்த பார்வை!

எல்லோரும் மில்லுக்குப் போனோம். முதலாளி முகத்தைப் பார்த்ததுமே காளியப்பனுக்குப் புரிந்துவிட்டது. ஸ்க்ரூடிரைவரைக் கடித்து நின்றார். நெடுநேரம். பிறகு அரைக்கும் கல் பக்கத்துப் பேரிங்கைக் காட்டி, "இது போய்க்கினு இருக்குதுங்க. தாளம் தப்புது."

எங்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. நிறுத்திக் கழற்றினார்கள். உள்ளே ஒரு குண்டு உடைந்திருந்தது. முதலாளி அதை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

"இருக்கட்டும். ஆனா மிஷின் ஓடறப்ப காது கேக்கற ஆளு ஒண்ணு கூட நிக்கணும்."

பூங்காவனம் நிற்பதாக முடிவு. கூலி உண்டு. என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் போனாள். வாக்குக் கொடுத்தது நான்தானே.

14-11, திங்கள்

புது பேரிங் மாட்டியாயிற்று. மருந்து கேட்டு இண்டென்ட் எழுதினேன். மத்தியானம் வாசலில் பூங்காவனம், சிரிப்பை அடக்க முடியாமல்.

"இருவது வருசமா நான் கத்துனது அவரு காதுல ஏறலம்மா. இன்னிக்கி என்னியப் பாத்து, 'சும்மா இரு, பாட்டு கேக்கணும்'ன்றாரு."