பத்து வருடம் பால் தொடாதவளுக்கு

அக்கா,

இன்று காலை மார்க்கெட்டுக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு அம்மா 'வேர்க்கடலை' என்று அட்டையில் எழுதி வைத்து, அண்டாவில் பச்சை மல்லாட்டையை அவித்துக்கொண்டிருந்தாள். அணைக்கட்டுப் பக்கத்துக் காயாம், விடியற்காலையில் பிடுங்கியதாம். மண்ணும் உப்புமாக அந்த ஆவி மூக்கில் ஏறியதும் அப்படியே நின்றுவிட்டேன். "இன்னாம்மா, ஒரு படி போடட்டுமா?" என்று அவள் இரண்டு தடவை கேட்டிருக்கிறாள். என் காதில் விழவில்லை. தினமும் காலை நடை முடித்த பிறகு நீ மல்லாட்டையை உரித்து உரித்து என் உள்ளங்கையில் போடுவாயே, அந்த ஞாபகத்தில் இருந்தேன்.

நீ போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் நேராக அதற்கு வர எனக்குத் தைரியம் இல்லை. கொஞ்ச தூரம் உன்னோடு நடந்துவிட்டு வருகிறேன்.

தோல் ஷூ கம்பெனியில் முப்பது வருடம் நாம் இரண்டு பேரும் ஒரே செக்கிங் டேபிளில் நின்றோம். கூடப் பிறக்கவில்லை என்றாலும் நீ எனக்கு அக்கா. உன்னைவிட நான் மூன்று வயது சின்னவள். வாய் மட்டும் முப்பது வயது பெரியது. பாத்ரூமுக்குப் போனால் கடிகாரத்தைப் பார்க்கிற சூப்பர்வைசரிடம், "நாளையிலேர்ந்து நீங்களே கூட வாங்க சார்" என்று எல்லார் முன்னாலும் சொன்னவள் நான். நீ தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாய். உனக்கு ஏதாவது கேட்க வேண்டுமென்றால் என் இடுப்பில் இடிப்பாய், நான் கேட்பேன். அதுதான் நம் ஏற்பாடு.

ஐம்பத்தெட்டு வயதில் நீ வேலையை விட்டு வந்தபோது உனக்குச் சுகர் வந்திருந்தது. இரண்டு முழங்காலும் போயிருந்தன. வேலூர் டாக்டரம்மா எடையைக் குறைக்கச் சொன்னார், நடக்கச் சொன்னார். நாமெல்லாம் மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டு அதோடு விடுகிற ஆட்கள். நீ முதலில் கறியை விட்டாய், பிறகு முட்டையை. அப்புறம் ஒருநாள் பாலையும் விட்டுவிட்டேன் என்றாய். கம்பெனியில் பத்து மணி பெல்லுக்கும் மூன்று மணி பெல்லுக்கும் டீ வராவிட்டால் கை நடுங்குகிறவள் நீ.

"இன்னாக்கா, பைத்தியம் கியித்தியம் புடிச்சிருச்சா?" என்றேன்.

"முப்பது வருஷம் தோலத் தடவித்தடவிச் சோறு துன்னாச்சு. இனிமேவாச்சும் அதுங்கள விட்ரலாம்னு பாக்கறேன்" என்றாய். அதற்கு மேல் நீ யாருக்கும் விளக்கம் சொன்னதில்லை. என் தட்டில் இருக்கிற கறியை ஒருநாளும் முறைத்ததும் இல்லை. கல்யாண வீட்டில் நான் பிரியாணியை அள்ளும்போது, நீ வெறும் சோறு வாங்கி, பிரியாணிக்கு வைக்கிற கத்தரிக்காயைப் போட்டுப் பிசைந்துகொண்டு, "நல்லா துன்னு, நாளைக்கி நடையில ரெண்டு ரவுண்டு ஜாஸ்தி" என்பாய்.

மல்லாட்டையை ஊறவைத்து அரைத்துப் பால் எடுத்து, மிளகாய்க் காம்பைப் போட்டுத் தயிர் தோய்த்துக் கொண்டுவந்தாய். நான் ஒரு வாய் வைத்துவிட்டு, "இது தயிரில்ல, கோவத்துல இருக்கற சட்னி" என்றேன். உனக்குப் புரையேறியது. அடுத்த வாரமும் கொண்டுவந்தாய். ஆறாவது வாரமோ ஏழாவது வாரமோ, நானே கிண்ணத்தை நீட்டினேன். நீ கிண்ணம் நிறையப் போட்டாய்.

ஷூ வாங்கப் போனோமே, அது நினைவிருக்கிறதா? "தோல் இல்லாத ஷூவா? ஆம்பூர்ல வந்து கேக்கறீங்களேம்மா" என்று கடைக்காரர் சிரித்தார். அவர் எடுத்துப் போட்டதை நீ உள்ளே விரலை விட்டுத் தடவினாய், நகத்தால் கீறினாய், மோந்து பார்த்தாய். "குதிகால்ல ஒரு துண்டு தோலு வச்சிருக்கான் பாரு" என்று திருப்பிக் கொடுத்தாய். ஐந்தாவது ஜோடியில்தான் உன் மூக்கு சமாதானமானது.

அந்த ஷூவில்தான் என்னையும் இழுத்துக்கொண்டு தினமும் ஆற்றோரச் சாலையில் நடந்தாய். ஒரு வருடத்தில் மாடிப்படியைக் கைப்பிடி பிடிக்காமல் ஏறினாய். சுகர் மாத்திரையை டாக்டரம்மாவே பாதியாகக் குறைத்தார். அறுபத்திரண்டு வயதில், பேப்பரில் பார்த்தேன் என்று சொல்லி, மூத்தோர் தடகளப் போட்டிக்கு இரண்டு பேர் பெயரையும் கொடுத்துவிட்டு வந்து நின்றாய். ஐந்து கிலோமீட்டர் நடைப் போட்டி. வாழ்க்கையில் முதல்முறையாக டிராக் பேன்ட் போட்டுக்கொண்டு, வெட்கத்தில் மேலே துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு வேலூர் மைதானத்தில் நின்றோம். ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும், முட்டி மடங்கக் கூடாது என்றார்கள். நான் இரண்டாவது சுற்றிலேயே ஓடிவிட்டேன் என்று என்னை வெளியே அனுப்பினார்கள். நீ இரண்டாவதாக வந்தாய்.

அங்கே ஒரு ரிட்டயர்டு வாத்தியார் உன்னிடம் வந்து, "இன்னாம்மா சாப்புடறீங்க?" என்று கேட்டார். "கேவுரு கூழு, கொள்ளு, கீரை, மல்லாட்ட, எள்ளுருண்ட. பாலு, மோரு எதுவும் கெடையாது. வாரத்துக்கு ஒரு பி12 மாத்திரை" என்றாய். மாத்திரையை ஏன் சொல்கிறாய் என்று நான் கிள்ளினேன். "மறைக்கறதுக்கு இன்னா இருக்கு? அது இல்லாம ஒடம்பு ஓடாது, அதான் போடறேன்" என்றாய். அதற்குப் பிறகு ஆறு வருடம், நம் வட்டாரத்தில் உன் வயதில் உன்னை முந்த ஆளில்லை. ஒரு தடவையாவது உன் முதுகைப் பார்க்காமல் நடக்க வேண்டும் என்பது என் ஆசை. இப்போது அந்த முதுகைத்தான் தேடுகிறேன். எதிரே வெறும் சாலை கிடக்கிறது, எனக்கு வேகமே வருவதில்லை.

கணையத்தில் கட்டி என்று தெரிந்தபோது உன் நாத்தனார், "ஒரு வாய் மோருகூட இல்லாம இருந்தா ஒடம்பு இன்னாத்துக்கு ஆவும்?" என்று ஊரெல்லாம் சொன்னாள். நான் டாக்டரம்மாவிடமே போய்க் கேட்டேன். "சாப்பாட்டுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லம்மா" என்றார். அதை உன்னிடம் வந்து சொன்னபோது, "எனக்குத் தெரியாதா?" என்று என் கன்னத்தைத் தட்டினாய்.

அப்போதும் நீ நடையை நிறுத்தவில்லை. ஒரு ரவுண்டு, பிறகு அரை ரவுண்டு. ஒருநாள் பாதியில் நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு என் கையைப் பிடித்தாய்.

"ஏய், ஒண்ணு சொல்றேன், கேளு. கடைசில எல்லாரும் ஸ்பூனும் கையுமா நிப்பாங்க. பத்து வருஷமா தொடாதத வாயில ஊத்துவாங்க. எனக்கு வேணாம். ஒரு வாய் தண்ணி போதும். நீ சொல்லிடு."

"உன் புள்ளகிட்ட சொல்லேன்."

"அவன்கிட்ட சாவப் பத்திப் பேசுனா அழுதுடுவான். உனக்குத்தான் வாய் ஜாஸ்தி. சொல்லுவல்ல?"

சொல்லுவேன் என்றேன். உன் கையில் அடித்துச் சொன்னேன்.

நீ கண்ணைத் திறக்காமல் கிடந்த மூன்றாம் நாள் மத்தியானம், கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். மூச்சு மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது. "பால் ஊத்துங்க, நிம்மதியாப் போய்டுவா" என்றாள் உன் நாத்தனார். உன் மகன் வெள்ளிக் கிண்ணத்தில் பாலைக் கொண்டுவந்தான். நான் உன் தலைமாட்டில் இருந்தேன். அவன் ஸ்பூனை எடுத்தான், உன் முகத்தைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

எனக்கு வாய் வரவில்லை அக்கா. இது அவர்கள் வீட்டுச் சடங்கு, நான் சர்ச்சுக்குப் போகிறவள், பெற்ற பிள்ளை பால் ஊற்றுவதைத் தடுக்க நான் யார் என்று நினைத்தேன். சூப்பர்வைசருக்குப் பயப்படாதவள் உன் நாத்தனாருக்குப் பயந்தேன். தலையைக் குனிந்துகொண்டேன். அவன் ஊற்றினான். ஒவ்வொருவராக ஊற்றினார்கள். ஸ்பூன் என் கைக்கும் வந்தது. நானும் ஊற்றினேன். நீ விழுங்கவில்லை. கடைவாயில் வழிந்து காதுப் பக்கம் இறங்கியது. என் முந்தானையால் துடைத்துவிட்டேன். நாலு மணிக்கெல்லாம் நீ போய்விட்டாய். அன்று பொழுது சாயும்போதே உன்னை எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் காலை பால் தெளிக்கச் சுடுகாட்டுக்குக் கிளம்பினார்கள். உன் மகன் பால் செம்போடு கேட்டைத் தாண்டும்போது என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. போய் அவன் கையைப் பிடித்தேன்.

"தம்பி, அம்மாவுக்குப் பால் வேணாம்ப்பா. என்கிட்ட சொல்லியிருந்தாங்க. தண்ணி போதும்னாங்க."

திட்டுவான் என்று நினைத்தேன். அவன் திட்டவில்லை. உள்ளே போய்ப் பாலை வேறு பாத்திரத்தில் ஊற்றி வைத்துவிட்டு, குழாயில் செம்பைக் கழுவித் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தான். "இன்னாடா இது?" என்றாள் உன் நாத்தனார். "அம்மா சொன்னது அத்தை" என்றான். அவள் வாயை மூடிக்கொண்டாள். அவ்வளவுதான் அக்கா. அவ்வளவு சுலபமாக முடிந்துபோனது.

அதன் பிறகு எனக்கும் பால் இறங்குவதில்லை. யாராவது கேட்டால் சுகர் என்று சொல்லிவிடுகிறேன். உன்னைப் போல் விட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு என்ன தகுதி இருக்கிறது? போன மாதம் நடைப் போட்டியில் நான் முதலாவதாக வந்தேன். முன்னால் நீ இல்லை, அதனால் வந்தேன். மெடலைப் போட்டபோது எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு அழுகை வந்தது, சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

நான் சொல்ல வந்தது, அன்று செம்போடு தெருவில் இறங்கும் முன் உன் மகன் என்னிடம் சொன்னதைத்தான். கோபமே இல்லாமல், மெதுவாகச் சொன்னான்.

"நேத்தே சொல்லியிருக்கலாமே சின்னம்மா. எனக்கும் ஊத்த மனசே வரல. அத்தைகிட்ட என்னால பேச முடியல. நீங்க வேணாம்னு சொல்லுவீங்கன்னுதான் உங்களையே பாத்துக்கினு இருந்தேன்."